தேவனுக்கு முதலிடம் என்றால் வீட்டுக்கு எத்தனையாவது இடம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக வேலை செய்யும் சகோதரர். சபைக் கமிட்டியின் செயலாளராகவும், பாடகர் குழுவில் ஒருவராகவும், ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்புக்கு ஆசிரியராகவும் இருக்கிறார். செவ்வாய் மாலை வீட்டு ஜெபக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி மாலை பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை தொடங்கிப் பிற்பகல் வரை ஆலயம், மாதம் ஒரு முறை முழு இரவு ஜெபம். மனைவி பள்ளி ஆசிரியை. மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் ஏழாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் தாயாரும் அதே வீட்டில் இருக்கிறார். “மிச்சம் இருக்கும் நேரத்தில்தான் எங்களுக்குக் கிடைக்கிறீர்கள்” என்று மனைவி சொன்னது இவரை உறுத்தியிருக்கிறது. கன்வென்ஷன் கூட்டம் ஒன்றில் பேசியவர் “தேவன் முதலாவது, குடும்பம் இரண்டாவது, சபை மூன்றாவது, வேலை நான்காவது” என்று ஒரு வரிசை கொடுத்தாராம். அந்த வரிசை வேதத்தின்படி சரிதானா, சபைப் பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டால் தேவனுக்குரியதை எடுத்து வீட்டுக்குக் கொடுத்த குற்றம் வராதா, தாயாரின் மருத்துவச் செலவு போகத் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்க முடியாத நிலையில் எதை முதலில் கொடுப்பது என்று கேட்கிறார்.

சகோதரரே, அந்த வரிசை வேதாகமத்தில் எந்த இடத்திலும் பட்டியலாக இல்லை. அதைச் சொன்னவரின் நோக்கம் நல்லதே. சபையையும் குடும்பத்தையும் குழப்பிக்கொண்டு வீட்டைப் பாழாக்கியவர்களைப் பார்த்துத்தான் இப்படிப் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். ஆனாலும் அதில் ஒரு பெரிய கோளாறு இருக்கிறது. தேவனை ஒரு படிக்கட்டின் மேல்படியில் வைத்து, மனைவி, பிள்ளைகள், சபை, வேலை என்று அடுத்தடுத்த படிகளில் நிறுத்திவிட்டால், உங்கள் இருபத்துநான்கு மணி நேரத்தில் பங்கு கேட்டு நிற்பவர்களில் அவரும் ஒருவர் என்று ஆகிவிடுகிறது. பிரதான கற்பனை எது என்று கேட்டபோது இயேசு சொன்ன பதிலை (மத்தேயு 22:37-39) நினைத்துப் பாருங்கள். முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும் தேவனில் அன்புகூர வேண்டும் என்று சொன்ன பிறகும், பிறனை நேசிக்க வேண்டும் என்ற இரண்டாம் கற்பனைக்கு அங்கே இடம் இருக்கிறது. முதல் கற்பனை ஒரு பங்கைக் கேட்பதாக இருந்தால், முழுவதையும் அது எடுத்துக்கொண்ட பின் இரண்டாவதற்கு எதுவும் எஞ்சியிருக்காது. ஆகவே, தேவனுக்கு முதலிடம் கொடுப்பது என்பது தாயைக் கவனிக்கும் மணி நேரத்துக்கும் கணக்கு எழுதும் மணி நேரத்துக்கும் அவரே எஜமான் என்று ஒப்புக்கொள்வது. அந்த ஒப்புதலை வைத்துக்கொண்டுதான் எந்த மணி நேரம் யாருக்கு என்ற கணக்கைப் போட வேண்டும்.

நடைமுறையில் நம்முடைய சபைகளில் நடப்பது வேறு. “தேவனுக்கு முதலிடம்” என்று மேடையில் சொல்லப்படுவது, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகள் வாசிக்கும்போது “சபை நிகழ்ச்சிகளுக்கு முதலிடம்” என்று மாறிவிடுகிறது. கூட்டத்துக்கு வராதவர் ஆவிக்குரிய அனலை இழந்தவர், வந்தவர் உண்மையுள்ளவர். இந்த அளவுகோலை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் அது தெரியும். செயலாளர் பொறுப்பில் இருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். “முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” என்ற வசனத்தை இந்த இடத்தில் காட்டுவார்கள். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் அந்த வசனம் எதற்கு எதிராகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள்: என்னத்தை உண்போம், என்னத்தை உடுப்போம் என்ற கவலைக்கு எதிராக. வீட்டாருக்கு நேரம் கொடுப்பவரைக் கண்டிக்க அது சொல்லப்படவே இல்லை.

பக்தியின் பெயரால் வீட்டுக் கடமையைத் தட்டிக்கழிக்கும் வழக்கம் இயேசுவின் காலத்திலேயே இருந்தது. அதைப் பற்றி அவர் மிகக் கடுமையாகப் பேசியிருக்கிறார். மாற்கு 7:9-13 வரை உள்ள பகுதி அது. தாய் தகப்பனுக்கு உதவியாகக் கொடுக்க வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கையாக நேர்ந்துவிட்டது என்று மகன் அறிவித்துவிட்டால், அதன்பின் பெற்றோருக்கு அதிலிருந்து எதுவும் செய்ய அவனை விடுவதில்லை என்று அன்றைய போதகர்கள் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்தியிருந்தார்கள். வெளிப்பார்வைக்கு அது பரிசுத்தமான காரியம். பணம் ஆலயத்துக்கு என்று ஆகிவிட்டது, யார் குறை சொல்ல முடியும்? உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு அதைச் சொன்னார். பெற்றோரைக் கனம்பண்ணுவது என்பதில் அவர்களுக்குப் பணம் செலவழிப்பதும் அடங்கும் என்பதும், தேவனுக்குக் கொடுப்பதாகச் சொல்லி அதிலிருந்து தப்பிக்க முடியாது என்பதும் இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கு இடமின்றி இருக்கின்றன. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேதத்தில் இல்லை. தாயாரின் மருந்தும் பிசியோதெரபியும் முதலில். காணிக்கை, கையில் இருக்கிறபடி. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே கொடுப்பதைத் தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் (2 கொரிந்தியர் 8:12). பத்தில் ஒன்று முடியாத மாதத்தில் இருபதில் ஒன்று கொடுங்கள். குற்ற உணர்ச்சியோடு கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கித் தசமபாகம் செலுத்தச் சொல்லும் போதனை நம்மிடையே உலவுகிறது. அதற்கு வேத ஆதாரம் கேட்டு வாங்கிப் பாருங்கள், கிடைக்காது.

பவுல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரம் விதவைகளைச் சபை பராமரிப்பது பற்றியது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உள்ள விதவையை முதலில் அவர்களே தேவபக்தியாய் விசாரிக்க வேண்டும் என்கிறார். எட்டாம் வசனத்தில், “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்” என்று எழுதுகிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால், படுக்கையில் இருக்கும் தாயை விசாரிப்பது தேவபக்தியிலிருந்து எடுத்துக்கொண்ட விடுப்பாக அவருக்குத் தெரியவில்லை. தேவபக்தி செய்யப்படும் இடங்களில் அதையும் ஒன்றாக வைக்கிறார். தாயாரைப் படுக்கைப்புண் வராமல் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் முழு இரவு ஜெபத்தில் இருக்கும் இரவில் பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் எழுந்து அதைச் செய்பவர் யார்? தோள்பட்டையை ஒரு கையாலும் இடுப்பை மறு கையாலும் பிடித்துத் தனியாகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் தலையணையை நுழைத்து, ஈரமான விரிப்பை மாற்றிவிட்டு, காலையில் ஐந்து மணிக்கு இட்லித் தட்டை அடுப்பில் வைத்து, எட்டரை மணிக்கு வகுப்பில் நிற்பவர் யார்? அன்றிரவு ஜெபம் உங்கள் பெயரில் எழுதப்பட்டது. அதற்கான கிரயத்தை வேறொருவர் கொடுத்தார். பெற்ற மகன் நீங்கள். இந்தக் கடமை முதலில் உங்களுடையது, மருமகளுடையது பிறகுதான்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. எந்தப் பொறுப்பில் உங்களுக்குப் பதிலாக வேறொருவர் நிற்க முடியும், எதில் முடியாது என்று கேளுங்கள். கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பேட்டை எழுத உங்கள் சபையில் இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். பாடகர் குழுவின் கீழ்க்குரலில் ஒரு குரல் குறைந்தால் கிறிஸ்துமஸ் ஆராதனை நின்றுவிடாது. ஆனால் உங்கள் தாய்க்கு மகனாகவும், அந்த ஆசிரியைக்குக் கணவனாகவும், அந்த இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் பதிலாள் போட முடியாது. இந்த அளவுகோலை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார் எத்திரோ சொன்ன ஆலோசனையும் இந்த வகைப்பட்டதே. காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரித்த மருமகனைப் பார்த்து, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். பிரசங்கங்களில் அதை நிர்வாகப் பாடமாகவே எடுத்துக்கொள்வார்கள். அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை: மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். மறுநாள்தான் வேலைச்சுமை பற்றிய பேச்சு வருகிறது.

இங்கே எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாதிப் பதில் ஆகிவிடும். “குடும்பமே முதல்” என்பதும் சுவிசேஷம் அல்ல. ஆசாரியனாகிய ஏலியின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியத்தில் மூழ்கிப் பிள்ளைகளைக் கைவிட்டவர் என்று அவரைப் பற்றி அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோம். வேதம் அவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு அதற்கு நேர்மாறானது. காணிக்கைகளின் சிறந்த பகுதியைத் தின்று கொழுத்த குமாரரைத் தேவனைப்பார்க்கிலும் அதிகமாக அவர் மதித்தார் (1 சாமுவேல் 2:29). அவர்கள் செய்த அக்கிரமம் தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை (3:13). பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்த தகப்பன் அவர். இந்த நோய் நமக்கு அந்நியமானது அல்ல. மகனுக்கு மருத்துவ இடம் கிடைப்பதற்காக இரண்டு ஆண்டுகள் எந்த ஆராதனைக்கும் போகாமல் ஞாயிறுதோறும் நீட் பயிற்சி வகுப்பில் விட்டுவிட்டு, இடம் கிடைத்ததும் நன்றியறிதல் காணிக்கையோடு வரும் குடும்பங்களை எல்லாச் சபைகளும் பார்த்திருக்கின்றன.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. நம் ஊரில் குடும்பத்துக்கு முதலிடம் என்று சொல்லும்போது பல நேரங்களில் குடும்ப கௌரவத்துக்கு முதலிடம் என்றுதான் பொருள்கொள்கிறோம். திருமண வரன் பார்க்கும்போது, வாரந்தோறும் ஒரே பந்தியில் நற்கருணை எடுத்தவர்கள், ‘நம்ம ஆட்கள்தானா’ என்று விசாரிக்கிறார்கள். விசுவாசம், குணம், படிப்பு எல்லாம் பொருந்தியும் சாதி பொருந்தவில்லை என்பதற்காக மகளின் திருமணத்தைத் தள்ளிப்போட்ட, வரதட்சணையைச் ‘சீர்’ என்று பெயர் மாற்றி வாங்கிய கிறிஸ்தவக் குடும்பம் எதை முதலாவது தேடியது? தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று லூக்கா 14:26 சொல்வது இந்த மாதிரியான இடங்களில்தான் பாய வேண்டும். தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று மத்தேயு 10:37 அதே போதனையை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கிறிஸ்து வேண்டாம் என்று சொல்வதைக் குடும்பம் கேட்டால், அங்கே குடும்பத்தின் பேச்சைக் கேட்கக் கூடாது. ஆனால் உங்கள் மனைவி கேட்பது பாவத்தை அல்ல, உங்களை. அந்த வசனத்தை எடுத்து அவர் வாயை அடைக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

மனைவியின் சம்மதம் என்ற காரியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலாளர் பொறுப்பை ஏற்கும் முன் அவரிடம் கேட்டீர்களா, சொன்னீர்களா? இரண்டும் வெவ்வேறு. உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் தடையில்லாதிருக்கும்படிக் கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதானால்கூட, இருவரும் சம்மதித்து, சில காலம் மட்டும் பிரிந்திருக்கலாம் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:5). ஜெபத்துக்கே சம்மதமும் கால எல்லையும் வேண்டும் என்றால், கமிட்டிக்கு வேண்டாமா? எபேசியர் 5ஆம் அதிகாரத்தில் கணவன் தலை என்று சொல்லப்பட்டிருப்பதைக் கொண்டு வீட்டின் நேரத்தைத் தனியாகத் தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நினைப்பவர்கள், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல என்று தொடரும் வரியை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள்.

வங்காளத்தில் ஊழியம் செய்த வில்லியம் கேரியின் வாழ்க்கை இந்த விஷயத்தில் நிதானமாகப் படிக்கத்தக்கது. இங்கிலாந்தைவிட்டு வர அவர் மனைவி டாரத்திக்கு விருப்பம் இல்லை, முதலில் மறுத்துவிட்டார். கப்பல் தாமதமானதால் மீண்டும் வற்புறுத்தப்பட்டு, தன் சகோதரியும் உடன் வருவதானால் வருகிறேன் என்று சொல்லி, கைக்குழந்தையோடும் மற்றப் பிள்ளைகளோடும் 1793இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயால் இறந்தான். டாரத்தியின் மனநலம் கெட்டது. 1807இல் இறக்கும்வரை அவர் தேறவில்லை. அவர் பக்கத்து அறையில் அலறிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் கேரி வங்க மொழிப் புதிய ஏற்பாட்டை முடித்து 1801இல் அச்சேற்றினார். சேராம்பூரில் மூத்த பிள்ளைகளைக் கவனித்து வழிக்குக் கொண்டுவந்ததில் உடன் ஊழியர் வில்லியம் வார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. கேரி கொடுமைக்காரர் அல்லர். மனநோய்க்கு மருத்துவம் என்று ஒன்று சரியாக இல்லாத அந்தக் காலத்தில் மனைவியை வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். அவருடைய மொழிப்பணியின் பெருமையையும் யாரும் மறுக்க முடியாது. என்றாலும், அழைப்பு ஒருவருக்கும் அதன் விலை இன்னொருவருக்கும் என்று ஆகும்போது என்ன நடக்கும் என்பதற்கு அந்த வீடு சாட்சி. ஊழிய வரலாறுகளை நாம் எழுதும் விதத்தில் டாரத்திகள் ஒரு பத்தியில் கடந்துபோய்விடுகிறார்கள்.

தாய்க்கும் மனைவிக்கும் இடையில் யாருக்கு முன்னுரிமை என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் அந்தச் சண்டை இல்லை என்று தெரிகிறது. தகப்பனையும் தாயையும் விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற ஆதியாகமம் 2:24, தீர்மானங்கள் எடுக்கும் வீடு எது என்பதைச் சொல்கிறது. கனம்பண்ணு என்ற ஐந்தாம் கற்பனை, பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்கிறது. சிலுவையில் தொங்கிய வேளையிலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்த இயேசு, முன்பு ஒருமுறை தாயும் சகோதரரும் வெளியே நின்று கூப்பிட்டபோது போதனையை நிறுத்திவிட்டு எழுந்து போகவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் கற்க வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் கருத்தாகப் பாடம் சொல்கிறீர்கள். உங்கள் மகனோடு வேதத்தைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினீர்கள்? உபாகமம் 6:7 போதனைக்குக் கொடுக்கும் நேரங்கள் நான்கு: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. இவற்றில் எதுவும் ஆலயத்தில் நடப்பதில்லை. அதற்கு நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பையனைப் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய்விடும் அந்தக் கால் மணி நேரத்தில் கைப்பேசியில் கமிட்டி விவகாரம் பேசாமல் இருக்க வேண்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். கணவர் எப்வொர்த் என்ற சிற்றூரில் குருவானவர், வீட்டில் ஓயாத கடன். அந்த நெருக்கடியிலும் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளை என்று ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜானுக்கு வியாழன், சார்லஸுக்குச் சனி. வளர்ந்து ஆளான பிறகு ஜான் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில், அந்த வியாழக்கிழமை மாலையில் தனக்குக் கொடுத்த சிறிது நேரத்தை இன்னமும் தனக்கு ஒதுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதே ஜான் 1751இல் திருமணம் செய்தபோது, மணமான பிரசங்கி மணமாகாத காலத்தைவிட ஒரு பிரசங்கமோ ஒரு நாள் பயணமோ குறைத்துக்கொள்வதைத் தன்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். அப்படியே வாழ்ந்தும் காட்டினார். மணவாழ்க்கை முறிந்தது. 1781இல் மனைவி இறந்தபோது அடக்க ஆராதனை முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. மேரி வெஸ்லியும் எளிதான பெண்மணி அல்லர் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள், இருக்கலாம். தாய் தனக்குக் கொடுத்ததை மகன் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

குடும்ப ஜெபம் என்றதும் பலர் ஒரு மணி நேர ஆராதனையைக் கற்பனை செய்துகொண்டு, முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசத்தை (விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் சிறு நூல்), வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்கும் முறையில் அமைத்தார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தொடக்க ஆண்டுகளிலேயே தமிழாக்கியவற்றில் அதுவும் ஒன்று. ஆக, தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வேரே வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. இரவு உணவு முடிந்ததும் தாயாரின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு சங்கீதம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம் என்று பத்து நிமிடம் போதும். மகளுக்கு மறுநாள் தேர்வு என்றால் ஐந்து நிமிடம். தாயாரால் வாய் குழறியேனும் ஆமென் சொல்ல முடிந்தால், அவரும் அந்தக் குடும்ப ஆராதனையில் முழுப் பங்குள்ளவர். அதே லூத்தர் 1522இல் திருமணத்தைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியைத் தகப்பன் துவைப்பதைப் பார்த்து ஊரார் சிரித்தாலும், விசுவாசத்தோடு அதைச் செய்கிறவனைப் பார்த்துத் தேவனும் தூதர்களும் மகிழ்கிறார்கள் என்று எழுதினார். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஞாயிறைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். ஓய்வுநாள் கற்பனையில் நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்களில் இருக்கும் அந்நியன் என்று எல்லாரும் வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள். மனைவி அந்த வரிசையில் தனியே சொல்லப்படவில்லை. ‘நீ’ என்பதிலேயே அவரும் அடக்கம். நம் வீடுகளிலோ அவருக்கு ஓய்வு இல்லை என்று படித்ததுபோல நடந்துகொள்கிறோம். காலையில் எழுந்து கறிக்குழம்பு வைத்து, மாமியாருக்குக் குளிப்பாட்டி உடை மாற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, ஆராதனை முடிந்ததும் நீங்கள் முன்னறிவிப்பின்றி அழைத்து வரும் விருந்துப் பிரசங்கியாருக்கு இலை போட்டு, மாலையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் போய்விட்டு வந்து, திங்கட்கிழமைக்கு விடைத்தாள் திருத்த உட்காருகிறவருக்கு அது எந்த வகையில் கர்த்தருடைய ஓய்வு? ஞாயிறு மதியத்துக்கு ஒரு குழம்பு, ஒரு பொரியல் போதும் என்று நீங்களே அறிவியுங்கள். அந்தப் பாத்திரங்களையும் நீங்களே தேய்த்துவிடுங்கள்.

வாழ்க்கையின் பருவம் மாறும்போது முன்னுரிமையும் மாறும் என்பதை நியாயப்பிரமாணமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. புதிதாக மணம் முடித்தவன் ஒரு வருஷம் யுத்தத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று உபாகமம் 24:5 சொல்கிறது. அந்த ஆண்டு அவன் இஸ்ரவேலின் எதிரிகளைப் பற்றிக் கவலைப்படாதவன் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இப்போது ஒரே ஆண்டில் மூன்று பாரங்கள் சேர்ந்திருக்கின்றன: படுக்கையில் தாய், பொதுத்தேர்வு எழுதும் மகள், இரட்டை வேலை செய்யும் மனைவி. இன்னும் ஐந்து ஆண்டுகளில் இந்த நிலை இருக்காது. அப்போது நீங்கள் மீண்டும் செயலாளராகலாம், சபையும் அங்கேயே இருக்கும்.

ஆகவே என் ஆலோசனை இது. ஓய்வுநாள் பள்ளி வகுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களுக்கு வரம் இருப்பதாகத் தெரிகிறது, உங்கள் பிள்ளைகளும் அதே நேரத்தில் அங்கேதான் இருக்கிறார்கள். செயலாளர் பொறுப்பை உரிய காலம் முடியும்போது விட்டுவிடுங்கள். அதுவரை ஒரு உதவியாளரைப் பழக்குங்கள். பாடகர் குழுவிலிருந்து மகளின் தேர்வு முடியும்வரை விலகியிருங்கள். செவ்வாய், வெள்ளி இரண்டில் ஒன்றுக்கு மட்டும் போங்கள். எது என்று மனைவி தேர்ந்தெடுக்கட்டும். மற்ற மாலையில் தாயாரை நீங்கள் பார்த்துக்கொள்ள, மனைவி ஜெபக்கூட்டத்துக்குப் போகட்டும், அல்லது தூங்கட்டும். தமக்குப் பிரியமானவனுக்கு அவர் நித்திரை அளிக்கிறார் என்றுதான் 127ஆம் சங்கீதமும் சொல்கிறது. முழு இரவு ஜெபத்துக்குப் போவதென்றால், உங்கள் தங்கையோ சம்பளத்துக்கு வரும் உதவியாளரோ அன்றிரவு தாயாருடன் இருக்க ஏற்பாடு செய்த பிறகு போங்கள். ஞாயிறு ஆராதனையை யாரும் விட வேண்டாம். மகளுக்குக் காலையில் வகுப்பு இருந்தால் அதிகாலை ஆராதனையோ மாலை ஆராதனையோ அருகில் எங்காவது இருக்கும், உங்கள் ஆலயத்தில்தான் தலையைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இதைப் போதகரிடம் சொல்லும் விதம் முக்கியம். கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து அறிவிக்காதீர்கள். கோபித்துக்கொண்டு விலகுகிறார் என்று மறுநாளே பேச்சு கிளம்பும், தேர்தல் கணக்குகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு மாலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு போதகரின் வீட்டுக்குப் போங்கள். தாயாரின் நிலையையும் பிள்ளைகளின் படிப்பையும் சொல்லி, எந்தப் பொறுப்பை எப்போது யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். “ஊழியத்தில் பின்வாங்காதீர்கள் ஐயா” என்று அவர் சொல்லக்கூடும். ஆள் கிடைக்காத கவலையில் அப்படிச் சொல்வார், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். சபையை விசாரிக்க ஒருவருக்கு உள்ள தகுதிகளில் தன் சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துவதும் ஒன்று என்று 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் அவரும் படித்திருப்பார். திரும்பி வரும்போது, மாதம் ஒரு முறை தாயாருக்கு நற்கருணை கொடுக்க வீட்டுக்கு வரும்படி அவரைக் கேட்டு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள்.